அக்குபங்சர், சூடு, குளிர், உடற்பயிற்சி: சின்னச் சின்ன அழுத்தம் முதுமைக்கு நல்லதா?

தும்பி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஐந்து வாரமாக அக்குபங்சருக்கு அழைத்துப் போகிறேன், வாரம் ஒரு முறை. கூடவே உட்கார்ந்திருப்பதால் எல்லாவற்றையும் பார்க்கிறேன். இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தது போல அவ்வளவு மெல்லிய ஊசி. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கு வெளிப்பக்கமாக ஓர் இடத்தில் அக்குபங்சர் மருத்துவர் ஏற்றிவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாகத் திருகுகிறார். அம்மா முகம் சுளிப்பதில்லை. "உள்ளே ஏதோ கனக்கிறது, பாதம் வரைக்கும் இழுக்கிறது" என்கிறார். ஊசியை எடுத்ததும் அந்த இடத்தைச் சுற்றி ஒரு காசளவுக்குச் சிவந்திருக்கிறது, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகிறது.

வலி குறைந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் போன வாரம் அந்த மருத்துவர் இப்படிச் சொன்னார்: "நாங்கள் செய்வது மிகச் சிறிய காயம். அதைச் சரிசெய்ய உடம்பு கிளம்பும்போது மற்றதையும் சேர்த்துச் சரிசெய்யும். முதுமையே தள்ளிப்போகும்." அம்மா அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு மூன்று முறை போகலாமா என்றும் கேட்கிறார்.

தேடிப் படித்ததில் "ஹார்மெசிஸ்" என்ற சொல் கிடைத்தது, அதிகமானால் கெடுப்பது கொஞ்சமாக இருந்தால் உடம்பைத் தேற்றும் என்ற கருத்து. சூடு, குளிர், உடற்பயிற்சி, பட்டினி எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்குகிறார்கள். இது உண்மையான அறிவியலா? ஊசியும் அதில் சேருமா? அம்மாவிடம் எதை நம்பிச் சொல்வது?

கரும்பலகை

தும்பி, நான் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹார்மெசிஸ் உண்மையான விஷயம்தான். 1888இல் ஹூகோ ஷுல்ஸ் என்ற ஜெர்மானியர் ஈஸ்ட்டின் மேல் கிருமிநாசினிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். நிறைய ஊற்றினால் ஈஸ்ட் செத்தது, அது எதிர்பார்த்ததுதான். மிகக் கொஞ்சமாக ஊற்றியபோது அது வழக்கத்தைவிட வேகமாக நொதித்தது. 1943இல் சவுத்தம், எர்லிக் என்ற இருவர் ஒரு மரச்சாறு பூஞ்சைகளிடம் இதே வேலையைச் செய்வதைக் கண்டு, அதற்கு ஹார்மெசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்று இதைப் பற்றி அதிகம் எழுதுபவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கலப்ரீஸ். அவர் திரட்டிய தரவுகளில் பெரும்பாலும் தெரிவது ஒன்றுதான்: சிறு அளவு தூண்டுதலால் கிடைக்கும் கூடுதல் பலன் 30 முதல் 60 சதவீதம் வரைதான். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றெல்லாம் போவதில்லை. இந்த எல்லை முக்கியம்.

உள்ளங்கையை நினைத்துப் பாருங்கள். தினம் கொஞ்ச நேரம் மண்வெட்டி பிடித்தால் காய்ப்பு காய்க்கிறது. முதல் நாளே நான்கு மணி நேரம் பிடித்தால் கொப்புளம். மண்வெட்டியும் கையும் ஒன்றுதான், அளவும் இடைவெளியும்தான் வேறு.

செல்லுக்குள் நடப்பதும் இதைப் போன்றதே. 1962இல் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோஸா வைத்திருந்த பழ ஈக்களின் இன்குபேட்டரில் யாரோ வெப்பத்தை ஏற்றிவிட்டார்கள். மறுபடி பார்த்தபோது குரோமோசோமில் புதிய இடங்கள் உப்பியிருந்தன. சூடு பட்டதும் சில ஜீன்கள் விழித்துக்கொண்டன என்பதற்கு அதுதான் முதல் தடயம். அந்த ஜீன்கள் உண்டாக்கும் புரதங்களை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்கிறோம். குலைந்துபோன மற்ற புரதங்களைத் திரும்ப மடித்து வைப்பது அவற்றின் வேலை. வயதாக ஆக இந்தப் பராமரிப்பு மந்தமாகிறது. அவ்வப்போது லேசாகத் தூண்டினால் மந்தம் குறையுமா என்பதுதான் முதுமை ஆய்வாளர்களின் கேள்வி.

டென்மார்க்கில் சுரேஷ் ரத்தன் மனிதத் தோல் செல்களை வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 41 டிகிரியில் வைத்து வளர்த்தார். அந்தச் செல்கள் மொத்தம் எத்தனை முறை பிரியும் என்பது மாறவில்லை. சேதமடைந்த புரதம் மட்டும் குறைவாகச் சேர்ந்தது. எனக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும். ஆயுள் அதேதான், இருக்கும் காலத்தில் செல் நல்ல நிலையில் இருந்தது. உங்கள் அம்மாவுக்கும் நீங்கள் கேட்பது அதுதானே?

ஊசியைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வரட்டும்.

நெடுநடை

அப்படியென்றால் தினமும் குளிர்ந்த நீரில் மூழ்குவதும் நல்லதுதானே சார்? நான் ஏழு மாதமாகச் செய்கிறேன்.

இரவுப்பணி

நெடுநடை, உங்கள் வயது என்ன? மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், 31 வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள், முதலில் இதைத்தான் கேட்பேன்.

என் அப்பாவுக்கு 76 வயதானபோது யாரோ சொன்னதைக் கேட்டு நீராவிக் குளியலுக்குப் போனார். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் அதைப் போட்டுக்கொண்டு போய் இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

அறை சூடாக இருந்ததில் தப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முப்பது வயதுக்காரருக்கு அது லேசான அழுத்தம், அப்பாவுக்கு அது அளவு மீறியது. வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகத்தான் எடுக்கும், வியர்வையும் குறையும், எழுந்து நிற்கும்போது இரத்தக் குழாய்கள் சுருங்க நேரம் பிடிக்கும். எது லேசானது என்பதை அந்த உடம்பை வைத்துத்தான் சொல்ல முடியும். தும்பி, அம்மா விஷயத்தில் இதை மனதில் வையுங்கள்.

நெடுநடை

அக்கா, எனக்கு 43. மாத்திரை எதுவும் இல்லை. நீங்கள் கேட்டதில் தவறே இல்லை, அப்பா விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது.

மெல்லிழை

18 வருடமாக ஊசி வைக்கிறேன். தும்பி கேட்டதற்கு என் தொழில் பக்கத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு ஊசி வைத்த இடம் அநேகமாக "சூ சான் லி" என்ற புள்ளி. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அகலம், கீழ்க்காலின் முன் எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அவர் சொன்ன அந்தக் கனமும் இழுப்பும் எங்கள் தொழிலில் "தெ சி". சுருக்கென்ற வலி வேறு, இது வேறு. என் விரலிலும் அது தெரியும். அதுவரை வெண்ணெயில் போவது போல வழுக்கிய ஊசியை உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டதாக இருக்கும். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்செவின் இதை அளந்தே பார்த்தார். ஊசியைத் திருகும்போது இணைப்புத் திசுவின் இழைகள் அதைச் சுற்றிக்கொள்கின்றன, கரண்டியில் நூல் சுற்றுவது போல. அதனால் சுற்றியுள்ள செல்கள் இழுபடுகின்றன. நீங்கள் சொல்லும் "லேசான அழுத்தம்" அங்கேயே ஆரம்பிக்கிறது.

2010இல் மைக்கன் நெடர்கார்ட் குழுவினர் எலிகளில் இதே புள்ளியில் ஊசி வைத்துத் திருகினார்கள். அந்த இடத்தில் அடினோசின் 24 மடங்கு கூடியது, வலி குறைந்தது. அடினோசினை உணரும் ஏற்பி இல்லாத எலிகளில் வலி குறையவில்லை. அடினோசின் என்பது திசு அடிபடும்போது வெளிவரும் பொருள். ஆகவே சிறு காயம் என்று அந்த மருத்துவர் சொன்னதில் பொய் இல்லை.

அடுத்து வருவதுதான் என் மனதில் அதிகம் நிற்கும் ஆய்வு. ஹார்வர்டில் சியூஃபு மா குழுவினர் ஊசி வழியாக மின் தூண்டுதல் கொடுத்து, எலிகளின் உடம்பெங்கும் பரவும் அழற்சியைக் கவனித்தார்கள். காலில் அந்தப் புள்ளியில் மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்தால் மூளையிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பு, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி வழியாக அழற்சி தணிந்தது. வயிற்றில் அதே குறைந்த அளவு கொடுத்தபோது அந்த வழி திறக்கவில்லை. வயிற்றில் அதிக அளவு கொடுத்தால் வேறொரு நரம்புப் பாதை வேலை செய்தது. அது நோய் வருமுன் கொடுத்த எலிகளைக் காப்பாற்றியது, நோய் வந்தபின் கொடுத்த எலிகளை இன்னும் மோசமாக்கியது. ஊசி ஒன்றுதான், இடம் மாறியதும் நேரம் மாறியதும் பலன் தலைகீழாகிவிட்டது. இதைப் படித்த பிறகு என் சிகிச்சை அறையில் நான் கொடுக்கும் தூண்டுதலின் அளவைக் குறைத்துக்கொண்டேன், சோர்ந்து வருபவர்களுக்கு முக்கியமாக.

இனி மனதில் இருப்பதைச் சொல்கிறேன். "முதுமையே தள்ளிப்போகும்" என்று நோயாளியிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மனிதரில் அதைக் காட்டிய ஆய்வு எதுவும் என் கையில் இல்லை. வலி குறையும், தூக்கம் தேறலாம், அவ்வளவுதான் சொல்வேன். வாரம் மூன்று முறையெல்லாம் அம்மாவுக்கு வேண்டாம். ஊசி வைத்த அன்று அசதி அதிகமாக இருந்தால் அடுத்த முறை ஊசியின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அளவுகோல்

மெல்லிழை நேர்மையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் எலிகளிலிருந்து மனிதருக்கு வருவோம்.

ஜெர்மனியில் 2007இல் வெளியான பெரிய ஆய்வில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 1162 பேர் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து, முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளிகளைத் தவிர்த்து மேலோட்டமாக ஊசி குத்திய போலிச் சிகிச்சையில் 44.2 சதவீதம். வழக்கமான மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சையில் 27.4 சதவீதம். முறையானதற்கும் போலிக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிறகு புள்ளி எங்கே, திருகல் எங்கே, அடினோசின் எங்கே?

நான் அக்குபங்சருக்கு எதிரி இல்லை. என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி அதனால் குறைந்தது, அந்த நிம்மதியை வீட்டில் இருந்து பார்த்தவன். ஆனால் "லேசான அழுத்தம் உடம்பைத் தேற்றுகிறது" என்ற விளக்கத்தை எல்லாவற்றின் மேலும் ஒட்டிவிடக் கூடாது.

மெல்லிழை

மேலோட்டமாகக் குத்தினாலும் அது ஊசிதானே சார்? தோலில் குத்தியதே ஒரு தூண்டுதல் ஆகாதா?

அளவுகோல்

ஆகலாம். ஆனால் அப்படிச் சொன்னால் புள்ளிகளுக்குத் தனி மகிமை இருக்கிறது என்ற வாதத்தைப் பாதியாவது கைவிட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள முடியாது.

உங்கள் பக்கம் வலுவான தரவும் இருக்கிறது, அதை நானே வைக்கிறேன். ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழுவினர் 39 ஆய்வுகளில் இருந்து 20,827 நோயாளிகளின் தனித்தனித் தரவைச் சேர்த்து 2018இல் வெளியிட்டார்கள். முதுகு, கழுத்து, முழங்கால், தலைவலி, தோள்பட்டை என்று எல்லாம் நாள்பட்ட வலி. போலி ஊசியைவிட உண்மையான ஊசி மேல்தான், வித்தியாசம் சிறியது, ஆனால் தற்செயல் என்று தள்ள முடியாதது. ஊசியே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரியது. ஒரு வருடம் கழித்தும் பலனில் ஏறக்குறைய 85 சதவீதம் நிற்கிறது. தும்பியின் அம்மாவுக்கு இருப்பதும் முழங்கால் வலிதான், அதனால் இது அவருக்குப் பொருந்தும். ஆயுளையோ முதுமையின் வேகத்தையோ இவற்றில் ஒன்றும் அளக்கவில்லை.

பொன்வண்டு

அக்குபங்சர் மட்டும் வைத்தே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்களே? 1971இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளருக்குக் குடல்வால் அறுவை அப்படித்தான் நடந்ததாகப் படித்தேன்.

கரும்பலகை

ஜேம்ஸ் ரெஸ்டன். பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெய்ஜிங்கில் அவருக்கு வழக்கமான மயக்க ஊசி போட்டுத்தான் குடல்வாலை எடுத்தார்கள். அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் இரவு வயிறு உப்பி வலித்தபோது அக்குபங்சர் செய்தார்கள், அதைத்தான் அவர் எழுதினார்.

நெடுநடை

என் குளிர்நீர்க் கதைக்குத் திரும்புகிறேன், இங்கே அது பயன்படும் என்று நினைக்கிறேன்.

எடை தூக்கிப் பயிற்சி செய்து முடித்த கையோடு பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் உட்காருவேன். இரண்டு நல்ல விஷயம், சேர்ந்தால் இன்னும் நல்லது என்று நம்பினேன். ஏழு மாதத்தில் காலில் பலம் ஏறவே இல்லை. கரும்பலகை சார் எழுதியதைப் படித்த பிறகு தேடிப் பார்த்தேன். 2015இல் ஓர் ஆய்வு இதையே சோதித்திருக்கிறது. 12 வாரம் காலுக்குப் பலப் பயிற்சி. ஒரு குழு பயிற்சி முடிந்ததும் 10 டிகிரி தண்ணீரில் பத்து நிமிடம், இன்னொரு குழு மெதுவாக சைக்கிள் மிதித்து ஓய்வு. தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசையும் பலமும் குறைவாகவே வளர்ந்தன.

பயிற்சி முடிந்ததும் தசையில் எழும் எரிச்சலும் அழற்சியும்தான் "இங்கே கட்டு, இங்கே பலப்படுத்து" என்று உடம்புக்குப் போகும் செய்தி. நான் அந்தச் செய்தியைப் பத்து நிமிடத்தில் அணைத்துக்கொண்டிருந்தேன். இப்போது குளிர்நீரைப் பயிற்சி இல்லாத நாளுக்கு மாற்றிவிட்டேன்.

தும்பி

இத்தனை பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

நெடுநடை அண்ணா சொன்னதிலிருந்து ஒரு கேள்வி. அம்மா தினமும் வைட்டமின் சி, ஈ மாத்திரை சாப்பிடுகிறார், "முதுமையைத் தடுக்கும்" என்று யாரோ சொல்லி. அதுவும் செய்தியை அணைக்குமா?

கரும்பலகை

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 2009இல் மைக்கேல் ரிஸ்டோ குழுவினர் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்கு தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் ஈ. மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலினுக்கு உடம்பு ஒத்துழைப்பது கூடியது. மாத்திரை எடுத்தவர்களுக்கு அது கூடவில்லை. உடற்பயிற்சியில் கொஞ்சமாக உண்டாகும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள்தான் செல்லின் பாதுகாப்பை எழுப்பும் மணி. மாத்திரை அந்த மணிச் சத்தத்தை அமுக்கிவிட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குறைபாடு இருந்து டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், நிறுத்தக் கூடாது. யாரோ சொன்னார்கள் என்பதற்காகச் சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை, என்னைப் போல ஹார்மெசிஸை நேசிப்பவர்களுக்கு. 1986இல் நாய்களின் இதயத்தில் இரத்த ஓட்டத்தை நான்கு முறை ஐந்தைந்து நிமிடம் நிறுத்தித் திறந்தார்கள். பிறகு 40 நிமிடம் அடைத்தபோது, முன்பழக்கம் இல்லாத நாய்களோடு ஒப்பிட்டால் கால் பங்கு தசைதான் செத்தது. அவ்வளவு அழகான முடிவு. அதை மனிதருக்கு எளிதாக்கி, மாரடைப்பு வந்தவர்களின் கையில் பட்டை கட்டி இறுக்கித் தளர்த்தும் முறையை 5000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது: எந்தப் பலனும் இல்லை. சோதனைக்கூடத்தில் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் நோயுற்ற மனிதரிடம் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். ஊசிக்கும் நீராவிக்கும் குளிருக்கும் இதே நியாயம்.

பின்லாந்தின் சவுனா என்ற வெப்ப அறைக் குளியல் பற்றிய ஆய்வையும் அப்படித்தான் படிக்கிறேன். 2315 ஆண்களை இருபது வருடம் தொடர்ந்து கவனித்ததில், வாரம் 4 முதல் 7 முறை போனவர்களுக்கு, ஒரே முறை போனவர்களைவிட திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவு. எண் பெரியது. ஆனால் உடம்பு நன்றாக இருப்பவர்தானே அடிக்கடி போக முடியும்?

இரவுப்பணி

தும்பி, அம்மா இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? பேஸ்மேக்கர் உண்டா? சர்க்கரை இருந்து பாதம் மரத்துப் போயிருக்கிறதா? இந்த மூன்றையும் ஊசி வைப்பவரிடம் அடுத்த முறை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் வைக்கவே கூடாது. ஊசி உறை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும், ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

பயப்படுத்தவில்லை. ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்ததில் 8.6 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது பக்கவிளைவு, அதிலும் பெரும்பாலும் சின்ன இரத்தக்கசிவு, இரத்தக்கட்டு. நுரையீரலில் ஓட்டை விழுந்தது இரண்டே பேருக்கு. அந்த இரண்டு பேர் இருந்தார்கள் என்பதால்தான் நெஞ்சிலும் முதுகு மேல்பக்கமும் ஊசி வைக்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும் என்கிறேன்.

இனி நான் உண்மையில் எழுத வந்தது. இத்தனை பேரும் ஊசி முதுமையைத் தள்ளிப்போடுமா என்று பேசுகிறோம். வலி குறைந்த அந்த முழங்காலை வைத்து அம்மா என்ன செய்கிறார்? முன்பு போலவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா, எழுந்து நடக்கிறாரா?

1990இல் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரை எடுத்துக்கொண்டார். சராசரி வயது 90. எட்டு வாரம், காலுக்கு எடைப் பயிற்சி, லேசானது அல்ல, அவர்களால் தூக்க முடிந்த அதிகபட்சத்தில் 80 சதவீதம் வரை. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான். வார்டில் வயதானவர்களை "விழுந்துவிடுவார்கள், படுக்க வையுங்கள்" என்றே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எத்தனை பேரைப் படுக்க வைத்தே பலவீனமாக்கினோம் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

முதுமையில் நிரூபணம் உள்ள அளவான அழுத்தம் என்றால் என் கணக்கில் அதுதான். ஊசி அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்றால் ஊசிக்கு அந்தப் பெருமை போதும்.

மெல்லிழை

அக்கா, இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஊசி வைத்துவிட்டு "ஓய்வாக இருங்கள்" என்று அனுப்புவதுதான் என் வழக்கம். அன்று ஒரு நாள் ஓய்வு சரி. அடுத்த நாள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லி அனுப்புவதே இல்லை.

அளவுகோல்

அக்கா சொன்னதோடு ஒரு வார்த்தை. அழுத்தம் லேசாக இருந்தால் மட்டும் போதாது, அது முடியவும் வேண்டும். தீராத கவலை, தூக்கமின்மை, தனிமை இவையெல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன அழுத்தம் போலத்தான் இருக்கும், ஆனால் நிற்பதில்லை. புரூஸ் மெக்யூவன் 1993இல் இதற்கு "அலோஸ்டாடிக் சுமை" என்று பெயர் கொடுத்தார், உடம்பு ஈடுகொடுத்து ஈடுகொடுத்தே தேய்வது. அம்மாவுக்கு இரவில் தூக்கம் எப்படி என்றும் பாருங்கள் தும்பி. தூங்காத உடம்புக்கு நடையும் சுமைதான்.

தும்பி

அக்கா கேட்ட கேள்விக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். வலிக்கும் என்று நாங்கள்தான் எழவிடவில்லை. இரண்டு தம்ளர் தண்ணீர் வேண்டுமென்றாலும் ஓடிப்போய் எடுத்துக்கொடுக்கிறோம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

இரவுப்பணி

அந்த நாற்காலியில் இருந்தே. கைப்பிடி இல்லாத, சுவரோடு சாய்த்த நாற்காலி. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 10க்குக் கீழே என்றால் கால் பலம் குறைவு. பிறகு அதையே பயிற்சியாக்குங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த நாள் தொடையில் லேசான வலி இருந்தால் சரி. மூட்டு வீங்கினாலோ இரண்டாம் நாளும் வலி நீடித்தாலோ அளவு கூடிவிட்டது, குறையுங்கள். டாக்டரிடம் முதலில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

தும்பி

அன்று எண்ணினேன். 6.

டாக்டரிடம் பேசினோம். பயிற்சிக்குச் சரி என்றார், வைட்டமின் ஈ மாத்திரை தேவையில்லை என்று நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு உறையாமல் இருக்கும் மாத்திரையோ பேஸ்மேக்கரோ இல்லை.

தும்பி

ஒன்பது வாரம் ஆயிற்று, சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

அக்குபங்சர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆகிவிட்டது, ஊசியும் பன்னிரண்டிலிருந்து ஆறு. ஊசி வைத்த மறுநாள் காலைதான் அம்மாவுக்கு நன்றாக நடக்க வருகிறது, அதனால் அன்று நீள நடை. காலண்டரில் அவரே குறித்துக்கொள்கிறார்: பயிற்சி நாளுக்கு வட்டம், ஓய்வு நாளுக்குப் புள்ளி. நடுவில் ஒரு வாரம் உற்சாகத்தில் ஐந்து வட்டம் தொடர்ந்து போட்டு, இடது முழங்கால் வீங்கி, நான்கு புள்ளி வைக்க வேண்டியதாயிற்று. "எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார்.

முதுமை தள்ளிப்போகுமா என்று அவர் இப்போது கேட்பதில்லை. தண்ணீர் எடுக்கத் தானே எழுந்து போகிறார், நாங்கள் எழுந்தால் கையைக் காட்டி உட்கார வைக்கிறார்.

இன்று காலை மறுபடி எண்ணினேன். 10. பதினொன்றாவதற்கு எழுந்துகொண்டிருக்கும்போது நேரம் முடிந்துவிட்டது, முட்டி ஏறக்குறைய நிமிர்ந்திருந்தது. அதையும் சேர்த்துக்கொள் என்கிறார்.

இரவுப்பணி

பாதிக்கு மேல் எழுந்திருந்தால் விதிப்படியே அதை எண்ணலாம். 11 என்று எழுதுங்கள்.